சூடே தெரியல என்றார்

மார்ச் 4, செவ்வாய்

வீட்டில் மூன்று பேர். அதில் இரண்டு பேர் பட்டினி. எனக்குச் செவ்வாய்க்கிழமை அம்மன் விரதம். என் வீட்டுக்காரருக்கு அவர் உடம்புக்கே விரதம். பாதி நாள் வயிற்றைக் காயப்போட்டால் ரத்தத்தில் இருக்கிற சர்க்கரை கரைந்துவிடும் என்று ஏதோ வீடியோவில் பார்த்திருக்கிறார். ப்ரியா பத்தாம் வகுப்புப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்து இட்லி தின்றாள். "இந்த வூட்ல சாப்புடுற ஜென்மம் நான் ஒருத்திதாம்மா" என்றாள்.

ஃபிரிட்ஜ் கதவில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பேப்பர் ஒட்டியிருக்கிறார். 'நேற்றைய என்னை இன்று தோற்கடிப்பேன்.' நேற்றைய மனுஷனே எனக்குப் போதுமாகத்தான் இருந்தார். தோற்கடிக்கச் சொல்லி யார் கேட்டார்கள்?

மார்ச் 9, ஞாயிறு

இன்று என்னையும் ஏரிக்கரைக்கு இழுத்துக்கொண்டு போனார். திண்டிவனத்தில் இத்தனை பேர் விடியற்காலையில் ஓடுகிறார்கள் என்று எனக்கு இதுவரை தெரியாது. ஜிம் வைத்திருக்கிற பிரவீன்குமார்தான் எல்லோருக்கும் கோச். முப்பது வயதுகூட இருக்காது. இவர் நாற்பத்தாறு வயது ஆள், அவனை "சார், சார்" என்கிறார். எங்கள் பம்ப்செட் கடையில் வாடிக்கையாளரைக்கூட அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. இப்போது எல்லோரும் வெறுங்காலில் ஓடுகிறார்கள். செருப்பு போட்டுத்தான் மனுஷன் பலவீனமாகிவிட்டானாம்.

நான் நடந்தேன். பாதியில் உட்கார்ந்துவிட்டேன். திரும்பி வருகிற வழியில், "உனக்கு வயிறு உள்ள போவணும் மதி" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். அந்த வயிற்றில் இரண்டு ஆபரேஷன் தழும்பு இருக்கிறது என்று நானும் சாதாரணமாகவே சொன்னேன்.

சாயங்காலம் ஒரு வேடிக்கை. கடையிலிருந்து வந்தவர் ஒரு செருப்போடு உள்ளே நுழைகிறார். இன்னொன்று கேட்டுக்கு வெளியே தெருவில் கிடக்கிறது. "யோசனையில வந்துட்டேன்" என்றார். ப்ரியா விழுந்து விழுந்து சிரித்தாள், நானும்தான்.

மார்ச் 14, வெள்ளி

ரிப்போர்ட் வந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரை நூற்றிப் பத்து! போன வருஷம் இருநூற்றைம்பது. பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு சின்னப் பையன் மாதிரி குதித்தார். "பாத்தியா, ஓட்டம்!"

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் வாயை விட்டுவிட்டேன். தை மாசமே வேண்டிக்கொண்டதைச் சொன்னேன் — இவருக்குச் சர்க்கரை இறங்கினால் நான் பிறந்த ஊர் திரௌபதி அம்மனுக்கு இவர் தீ மிதிப்பார் என்று.

முகம் மாறிவிட்டது. "உன் வேண்டுதலுக்கு என் காலா?"

அவரைக் கேட்காமல் வேண்டிக்கொண்டது உண்மைதான். எங்கள் ஊரில் வேண்டுதலை யார் கேட்டுவிட்டு வைக்கிறார்கள்? பிள்ளைக்கு, புருஷனுக்கு, பேச முடியாத மாட்டுக்குக்கூட வேண்டிக்கொள்கிறோம். "நான் ஓடனதுக்கு உங்க ஆத்தா பேர் வாங்கிக்கினு போறாளா?" என்றார். "நீங்க ஓடறதுக்குத் தெம்பு குடுத்ததே அவதான்" என்றேன். இரவு வரை இதேதான்.

மார்ச் 15, சனி

பேசவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

மேஜை இழுப்பறையில் கத்தரிக்கோல் தேடப் போய் மாத்திரை அட்டைகள் கையில் அகப்பட்டன. பிரிக்கவே இல்லை. ரிப்போர்ட் வந்த நாளோடு நிறுத்தியிருக்கிறார். அதற்கு முன்பும் ஒழுங்காகப் போட்டிருப்பாரா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

கேட்டேன். "நம்பர் எறங்கிடுச்சில்ல, அப்புறம் எதுக்குக் கண்ட மாத்திரய முழுங்கிக்கினு?"

"டாக்டரு நிறுத்தச் சொன்னாரா?"

அவர் திரும்பி நின்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "எறக்கனது உங்க ஆத்தாளா, என் ஓட்டமான்னு ஒரு வாரமா சண்ட போடறோம். மாத்திரன்னு நீ ஒரு வாட்டியாவது சொன்னியா மதி?"

சொல்லவில்லை. இப்போதும் என்னால் சொல்ல முடியவில்லை. மாத்திரைதான் இறக்கியது என்று ஒப்புக்கொண்டால் என் வேண்டுதல் என்ன ஆவது? அட்டைகளை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன். பயமாக இருக்கிறது. அவருடைய அப்பாவுக்கும் சர்க்கரைதான், கடைசியில் கண் போய்விட்டது. ஆனால் இவரைப் பார்த்தால் கல்யாணத்தின்போது இருந்ததைவிட வாட்டசாட்டமாக இருக்கிறார். நோயாளி என்று எந்த மூஞ்சியோடு சொல்வது?

ஏப்ரல் 6, ஞாயிறு

அண்ணன் ஜெகதீசன் போன் செய்தது. கண்டமங்கலம் பக்கத்தில் எங்கள் ஊர்க் கோவில் திருவிழாக் கமிட்டியில் இந்த வருஷம் அதுவும் இருக்கிறது. தீமிதிக்குப் பெயர் எழுதுகிறார்களாம். மாப்பிள்ளை பெயரை எழுதட்டுமா, வேண்டாமா? நான் முழித்துக்கொண்டு நிற்க, இவர் போனை வாங்கி, "எழுது மச்சான்" என்றார்!

என்ன ஆயிற்று என்று பிறகுதான் தெரிந்தது. கோச்சிடம் சொல்லியிருக்கிறார். "சூப்பர் சார், மனச அடக்கறதுக்கு அதவிட டெஸ்ட் கெடையாது, வீடியோ எடுத்துடலாம்" என்றானாம் அவன்.

எந்த வாசல் வழியாக வந்தால் என்ன, சன்னதிக்கு வந்தால் சரி என்று விட்டுவிட்டேன். கொஞ்சம் வருத்தம்தான். நான் மூன்று வாரம் கெஞ்சியது ஏறவில்லை, அவன் ஒரு வார்த்தை ஏறிவிட்டது.

ஏப்ரல் 19, சனி

ஓடிவிட்டு வந்து சோபாவில் காலை நீட்டினார். குதிகாலில் கருவேல முள் ஒன்று நட்டுவைத்த மாதிரி நிற்கிறது. "ஐயோ, வலிக்கலயா?" என்று பதறினேன். குனிந்து பார்த்துவிட்டு, "அட!" என்றார். ஏரிக்கரையிலிருந்து அதோடேயே நடந்து வந்திருக்கிறார். "தோலு தடிச்சிப் போச்சி மதி. வெறுங்காலு ஓட்டத்தோட பலன் இது."

பிடுங்கிப் போட்டேன். பொய் சொல்வானேன், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இந்தக் கால் தீக்குண்டத்தில் இறங்கத் தாங்கும் என்று நினைத்தேன்.

மே 2, வெள்ளி. ஊரில்

அவருக்குக் காப்புக் கட்டியாயிற்று. மஞ்சள் துணி, கையில் மஞ்சள் கயிறு. தீமிதி முடிகிறவரை ஊர் எல்லை தாண்டக் கூடாது, செருப்பு கூடாது, கவுச்சி கூடாது, படுக்கை கோவில் மண்டபத்தில்தான். கடைக்குப் பூட்டு.

சாயங்காலம் பாரதம் கேட்கப் போனோம். மணலில் பெண்கள் வரிசையில் நான், கயிற்றுக்கு அந்தப் பக்கம் அவர். அர்ச்சுனன் தவசுக் கட்டம். முடிந்ததும் வந்து, "இன்னா ஒரு கட்டுப்பாடு பாரு மதி, ஒத்தக் கால்ல நிக்கறான். இதத்தான் நானும் சொல்லிக்கினு இருக்கேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் இத்தனை வருஷத்தில் எங்கள் ஊர்ப் பாரதத்தை அவர் கடைசி வரை உட்கார்ந்து கேட்டது இதுதான் முதல் தடவை. அவித்த மல்லாட்டை வாங்கி, ஓட்டை உரித்து இரண்டு பேரும் கொறித்துக்கொண்டே மண்டபம் வரை நடந்தோம். ஓட்டம், எடை, வயிறு என்று எந்தப் பேச்சும் இல்லை. மனசு நிறைந்திருந்தது.

மே 4, ஞாயிறு

கத்திரி தொடங்கிவிட்டது. காப்புக் கட்டினவர்கள் எல்லாரும் தார் ரோட்டில் போய்த் தண்ணீர் எடுத்து வந்தார்கள். இளவட்டங்கள்கூட ஓரத்துப் புல்லைத் தேடித் தேடிக் குதிக்கிறார்கள். இவர் நடு ரோட்டில் மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி வருகிறார். எதிர்வீட்டு அஞ்சம்மாள் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் வூட்டுக்காரருக்கு ஆத்தா எறங்கிட்டாடி" என்றார்கள்.

மே 9, வெள்ளி

காலையில் படுகளம், துரியோதனன் விழுகிற கட்டம். களிமண் துரியோதனன் தெருவை அடைத்துக்கொண்டு படுத்திருந்தான். பொழுது சாய்கிற நேரத்தில் குண்டம். அனல் முகத்தில் அடித்ததில் நான் பத்தடி பின்னால் போய்விட்டேன். எல்லாரும் கோவிந்தா போட்டுக்கொண்டு தாவி ஓடுகிறார்கள். இவர் ஓடவில்லை. நடந்தார். தணலில், ஏரிக்கரையில் நடக்கிற மாதிரி நடந்தார். பால் குழியில் காலை வைத்தபிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

"சூடே தெரியல மதி" என்றார்.

ஈரப் பாதத்தைத் திருப்பிப் பார்த்தோம். சாம்பல்தான் அப்பியிருந்தது. வயசான ஆட்களெல்லாம் வந்து அவர் காலில் விழுந்தார்கள். "மூச்ச அடக்கிக்கினு போனேன், அவ்ளோதான்" என்று அவர். "அம்மா கூட்டிக்கினு போனா, அவ்ளோதான்" என்று நான். சண்டை போடவில்லை. இரண்டு பேருக்கும் இடமிருந்தது இன்றைக்கு. தாயே, உனக்குக் கோடி நமஸ்காரம்.

மே 12, திங்கள். திண்டிவனம்

துணி ஊறவைக்கப் போனேன். அவருடைய சாக்ஸ் ஒன்று விறைத்துக் கிடக்கிறது. உள்ளே மஞ்சளாக, கொஞ்சம் ரத்தமும். ஊரிலிருந்து வந்த மறுநாளே ஓடப் போய்விட்டார். இந்தத் தடவை என்னவோ புது ஷூ.

காலைக் காட்டச் சொன்னேன். பெருவிரலுக்குப் பக்கத்து விரலின் அடியில் கொப்புளம் உடைந்து சதை தெரிகிறது. ஓரமெல்லாம் கறுப்பு. "வலியே இல்லியே, வலிச்சாதான காயம்?" என்கிறார்.

காலைவிட எனக்கு முதலில் வேறொன்று வந்து நெஞ்சை அடைத்தது. எங்கள் ஊரில் குண்டத்தில் இறங்கிக் கால் பொத்துப்போனால் விரதத்தில் குறை என்பார்கள். யார் குறை? நானா? அவரா? கேட்டே விட்டேன். "மண்டபத்துல எதனா கவுச்சி சாப்ட்டீங்களா?" இல்லை என்றார். தயங்கிவிட்டு, "புரோட்டீன் பவுடர் மட்டும் ரெண்டு வாட்டி குடிச்சேன்" என்றார். அதில் முட்டை இருக்கிறதா என்று டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து இரண்டு பேரும் கண்ணாடி போட்டுப் படித்தோம். "பால்லேர்ந்து எடுத்தது மதி. சைவந்தான்." அந்த நேரத்தில் மனசு ஆறியது. எனக்கு அறிவு எங்கே போயிற்று?

"ஜெகதீசன்கிட்ட சொல்லிடாத" என்றார். அவருக்கு வீடியோ கவலை. தீ மிதித்ததை ஓட்டக்காரர்கள் குரூப்பில் போட்டு எல்லாரும் கைதட்டியிருக்கிறார்கள். எனக்கு அண்ணன் முகத்தில் எப்படி முழிப்பது என்ற கவலை. முதல்தடவையாக இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்றோம், மறைப்பதில். நான் மஞ்சளும் கோவில் விபூதியும் குழைத்துப் போட்டேன். அவர் அதன்மேல் கோச் சொன்ன தேங்காயெண்ணெயைத் தடவினார்.

மே 14, புதன்

அறையில் ஏதோ வாடை. எலி செத்துக் கிடக்கிறதா என்று கட்டிலுக்கு அடியில் தேடினேன்.

மே 15, வியாழன்

எலி இல்லை. அவர் கால்.

ஐயோ, காலுங்க... நான் இத எப்படி எழுதறது. காலையில உடம்பு நெருப்பா கொதிக்குது. கட்ட அவுத்தா விரலு நாவப்பழம் மாதிரி கறுத்துப் போயிருக்குது. அதுக்கும் சிரிக்கிறாரு மனுஷன், "வலிக்கல மதி"ன்னு. வலிக்கலன்னா நல்லதுன்னு எந்தப் பாவி சொன்னான்? வாய்க்கு வந்ததெல்லாம் திட்டிட்டேன். கோச்ச, வீடியோவ, என்னிய, ஆத்தாவ. ப்ரியா அழுதுக்கினே ஆட்டோ புடிச்சிக்கினு வந்தா. முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரிக்கு வந்துட்டோம். சேத்துக்கினாங்க.

தாயே, கால மட்டும் விட்டுடு. மறுபடியும் வேண்டறேனே நான்... வேண்டக்கூட பயமா இருக்குது.

மே 16, வெள்ளி

டாக்டர் இருதயமேரி. என் வயதுதான் இருக்கும், அதிர்ந்து பேசுவதில்லை. நூல் மாதிரி மெல்லிய நைலான் கம்பி ஒன்றை எடுத்தார். முதலில் இவர் புறங்கையில் வைத்துக் காட்டி, "இந்த மாதிரிதான். கண்ண மூடிக்குங்க. பாதத்துல தொடுறப்பல்லாம் 'ம்'னு சொல்லுங்க" என்றார்.

இவர் கண்ணை மூடிக்கொண்டார். நல்ல மாணவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தார். டாக்டர் காயம் இல்லாத கட்டைவிரலில் தொட்டார், நடுப்பாதத்தில் தொட்டார், குதிகாலில், பிறகு இன்னொரு காலில், கம்பி வளைகிற அளவுக்கு. நான் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். இவர் வாயிலிருந்து ஒரு சத்தம் இல்லை. சொல்லுங்களேன், சொல்லுங்களேன் என்று எனக்குள் கத்திக்கொண்டிருக்கிறேன்.

டாக்டர் கம்பியை டப்பாவில் வைத்து மூடிவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து இவர் கேட்டார், "இன்னும் ஆரம்பிக்கலயா டாக்டர்?"

நான் வெளியே போய்விட்டேன். தாழ்வாரத்துக் குழாயடியில் நின்று அழுதேன்.

திரும்பி வந்தபோது மாத்திரையைப் பற்றி டாக்டர் கேட்டுக்கொண்டிருந்தார். இவர் தலையைக் குனிந்துகொண்டார். நிறுத்தியதையும், அட்டையைப் பார்த்தும் நான் விட்டதையும், தீமிதியையும், மஞ்சளையும், எல்லாவற்றையும் நானே சொன்னேன். டாக்டர் திட்டவில்லை. "நெருப்பு சுட்டுச்சும்மா. அதச் சொல்ற நரம்பு செத்துப் போயிருக்கு. ரொம்ப நாளாவே" என்றார்.

ரொம்ப நாளாக. தெருவில் கிடந்த செருப்பு, குதிகாலில் நின்ற முள், தார் ரோடு. எல்லாம் என் கண் முன்னால்தான் நடந்தது. ஒன்றுக்குச் சிரித்தேன், மற்றதற்குப் பெருமைப்பட்டேன். மூச்சை அடக்கியதும் இல்லை, ஆத்தா கூட்டிக்கொண்டு போனதும் இல்லை. கால் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மே 19, திங்கள்

விரலை எடுத்துவிட்டார்கள். கையெழுத்து நான்தான் போட்டேன். பாதம் தப்பும் என்கிறார்கள்.

மே 23, வெள்ளி

'உன் வேண்டுதலாலதான்' என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று தினமும் காத்திருக்கிறேன். சொல்லவே மாட்டேன் என்கிறார். சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். சொல்லிவிட்டால் நானும் 'உங்க ஓட்டத்தாலதான்' என்று சொல்லித் தொலைப்பேன். இப்படி இருப்பதற்கு அது தேவலை.

அண்ணன் வந்தது. ஊரில் என்ன பேசுகிறார்கள் என்று மென்று முழுங்கியது. "விரதத்துல எதனா..."

வார்டு என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன். "விரதத்துல ஒரு கொறையும் இல்ல. சக்கரைல நரம்பு செத்துப் போன காலு அது. ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லு. அடுத்த வருஷம் காப்புக் கட்ட வர்றவங்கள சக்கர இருக்கான்னு கேட்டுக் கட்டுங்க."

"அம்மன் கோவில்ல போயா அதக் கேக்கறது?"

"ஆமா. கவுச்சி தின்னியான்னு கேக்கறீங்க இல்ல? அதோட இதயும் கேளுங்க."

படுக்கைப் பக்கம் திரும்பினேன். இவர் சுவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 8, ஞாயிறு

வீடு. ஒரு காலுக்குத் தடித்த கட்டு, வாக்கர். கோச் ஒரு தடவை பழம் வாங்கிக்கொண்டு வந்தான். முகம் வெளிறிப் போயிருந்தது. பாவம், அவனும் சின்னப் பையன்தான். வெறுங்கால் ஓட்டத்தை நிறுத்திவிட்டோம் சார் என்றான். இவர் தலையாட்டினார்.

ஜூன் 20, வெள்ளி

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து நான் விளக்கு ஏற்றவில்லை. கோபம் யார் மேல் என்று எனக்கே தெரியவில்லை. அவள் மேல் என்றால், அவள் என்ன கேட்டாள்? நான் அல்லவா கொடுக்கிறேன் என்றேன், அதுவும் இன்னொருவர் காலை.

சாயங்காலம் வாக்கரைத் தட்டிக்கொண்டு வந்து சாமி அறை வாசலில் நின்றார். "இன்னா மதி, இருட்டா கெடக்குது?"

"உங்களுக்கென்ன வந்துது?"

"நீ வெளக்கேத்தினாதான் ராத்திரி மாத்திரை நேரம் ஞாபகம் வருது. அது இல்லாம பேஜாரா இருக்குது" என்றார்.

ஏற்றினேன். அவருக்காகத்தான் ஏற்றினேன். அழுகை வந்தது, தீப்பெட்டியைத் தேடுகிற மாதிரித் திரும்பிக்கொண்டேன்.

ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. கூழ் ஊற்றினேன். கேப்பைக் கூழ் அவருக்கு ஒரு சின்னக் கிண்ணம்தான்; டாக்டரைக் கேட்டுக்கொண்டுதான். ஃபிரிட்ஜ் கதவுப் பேப்பரை அவர் கிழிக்கவில்லை. அதன் கீழேயே மாத்திரை வேளைகளை எழுதி ஒட்டியிருக்கிறார். பார்த்தால் சிரிப்பு வருகிறது, நானும் விட்டுவிட்டேன். காலையில் வாசல் வரை நடந்தார், அகலச் செருப்போடு. ஓடுகிறவர்கள் தெருவில் போனபோது உள்ளே வந்துவிட்டார்.

விளக்கேற்றியதும் கால் பார்க்கிற நேரம். இது இப்போது தினசரி. டாக்டர் சொல்லிக்கொடுத்தது. என் மடியில் காலை வைக்கிறார். நான் டார்ச் அடித்து விரலிடுக்கு, குதிகால், எடுத்த இடத்துத் தழும்பு, எல்லாம் பார்த்துத் துடைத்து எண்ணெய் போடுகிறேன். பிறகு அவர் கண்ணை மூடிக்கொள்வார், நான் விரலால் தொடுவேன், தெரிந்தால் 'ம்' சொல்ல வேண்டும். இது டாக்டர் சொன்னதில்லை. அவராக ஆரம்பித்தது. செத்த நரம்பு திரும்புமா என்று அவரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. கணுக்கால் பக்கம் மட்டும் சொல்வார்.

இன்று கண்ணை மூடினார். நான் துணியை மடித்து வைத்துக்கொண்டிருந்தேன்.

"ம்" என்றார். முகமெல்லாம் பூரிப்பு. "தெரியுது மதி. கட்டவிரலாண்ட. தெரியுது."

துணி என் இரண்டு கையிலும் இருந்தது. ஆமாம் என்று சொல்லிவிட எவ்வளவு நேரமாகும்? எத்தனை தடவை சொல்லியிருக்கிறோம் அப்படி, ஆளுக்கொரு பக்கம்.

"இன்னும் தொடலைங்க" என்றேன்.

கண்ணைத் திறந்தார். என் கையைப் பார்த்தார். பிறகு தலையணையில் சாய்ந்து மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்.

"சரி. இப்ப தொடு."

தொட்டேன்.